தடித்த அரசியல் நூல்களைச் சுருக்கத்தில் படிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை சிம்மக்கல் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடும் ஒரு சின்ன வாசிப்பு வட்டத்தை நடத்துகிறவர்களில் நானும் ஒருவன். கல்லூரி மாணவர்கள், அரசு வேலைத் தேர்வுக்குப் படிப்பவர்கள், சங்க வேலை பார்ப்பவர்கள், ஓய்வு பெற்ற வாத்தியார்கள் என்று கலவையான கூட்டம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் டீ ஆறிப்போகும்வரை பதில் சொல்லிக்கொண்டிருப்பதற்கு எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். பதில்களில் தெரியும் பிடிவாதம் என்னுடையது. வட்டத்திலேயே இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு.

"அண்ணே, சுருக்கம் படிச்சாப் போதாதா? இம்புட்டுப் பெரிய புத்தகத்த யாரு முழுசாப் படிக்கிறா?"

எதற்குப் படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு நூல் எதைப் பற்றியது, எழுதியவர் எந்தப் பக்கம் நிற்கிறார், நமக்கு அது தேவைப்படுமா என்று தெரிந்துகொள்ளச் சுருக்கம் தாராளமாகப் போதும். அந்த நூலை வைத்து ஒருவரோடு வாதாடவோ, அதை மறுத்து எழுதவோ போகிறீர்கள் என்றால் போதாது.

சுருக்குகிறவர் கத்தரியை எடுத்ததும் முதலில் போவது உதாரணம். அடுத்து, எதிர்த்தரப்புக்கு ஆசிரியர் சொன்ன பதில். அதற்கடுத்து, 'இன்ன நிலைமையில் மட்டும்' என்று அவர் போட்டு வைத்த நிபந்தனை. கடைசியில் மிஞ்சுவது முடிவு. அரசியல் கோட்பாட்டில் முடிவுக்குப் பஞ்சமே கிடையாது, டீக்கடையில் நிற்கிற யாரைக் கேட்டாலும் ஒன்று சொல்வார். அந்த முடிவுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதைச் சொல்லத்தான் அந்த மனுஷன் 600 பக்கம் எழுதினார்.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். முழு நூலையும் பிழிந்து எடுத்த 100 பக்கத்தைவிட, யாரும் கை வைக்காத ஒரே ஓர் அத்தியாயம் மேல்.

"சுருக்கம்னா எல்லாம் ஒண்ணுதானே? அதுல என்ன வகை?"

கடையில் 'சுருக்கம்' என்று விற்பதில் நாலைந்து சரக்கு கலந்து கிடக்கிறது. ஆசிரியரின் வாக்கியங்களை அப்படியே வைத்துக்கொண்டு இடையிடையே வெட்டியது ஒன்று. இதைத்தான் சுருக்கப் பதிப்பு என்று சொல்ல வேண்டும். வேறொருவர் தன் நடையில் திருப்பிச் சொன்னது சாரம். சில அத்தியாயங்களை முழுசாக எடுத்துக் கட்டியது தேர்ந்தெடுத்த பகுதிகள். அந்த நூலைப் பற்றி இன்னொருவர் எழுதியது அறிமுக நூல். தேர்வுக்கு விற்கிற நோட்ஸ் தனி இனம்.

இவற்றில் எனக்கு நம்பிக்கை அதிகம் தேர்ந்தெடுத்த பகுதிகள் மீது. அடுத்தது நல்ல அறிமுக நூல், ஏனென்றால் அது தன்னை மூல நூல் என்று சொல்லிக்கொள்வதில்லை. சிக்கல் சாரத்தில்தான். அட்டையில் மார்க்ஸ் பெயர் இருக்கும், உள்ளே பேசுவது வேறொருவராக இருக்கும். எந்த வரி யாருடையது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

"'வியாசர் விருந்து' படிச்சவங்களுக்கு மகாபாரதம் தெரியாதா என்ன? அதையும் ராஜாஜி சுருக்கித்தானே எழுதுனாரு?"

நல்ல மடக்கு. தெரியும்தான். கதையைச் சுருக்கினால் கதை மிஞ்சும். பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடப்பது பத்துப் பக்கத்தில் வந்தாலும் பீஷ்மர்தான். ஆனால் அதே பாரதத்தில் சாந்தி பருவம் இருக்கிறது. அந்தப் படுக்கையிலிருந்தபடி பீஷ்மர் தருமருக்கு அரச நீதி சொல்லும் பகுதி. சுருக்கமாகச் சொல்கிற பாரதங்களில் முதலில் மெலிவது அதுதான். அரசியல் கோட்பாடு என்று பார்த்தால் பாரதத்தில் நமக்கு வேண்டிய இடமும் அதுதான்.

"மார்க்ஸ் உசுரோட இருந்தா இந்தச் சுருக்கத்தையெல்லாம் கிழிச்சுப் போட்டிருக்க மாட்டாரா தோழர்?"

மாட்டார். அவர் காலத்திலேயே சுருக்கங்கள் வந்தன, அவரே ஒன்றைத் திருத்தியும் கொடுத்தார். 'மூலதனம்' முதல் தொகுதி 1867-இல் வந்தது. யோஹான் மோஸ்ட் என்ற ஜெர்மன் சோஷலிஸ்ட் சிறையில் இருந்தபடியே அதைச் சுருக்கி 1873-இல் வெளியிட்டார். அதில் பிழை மலிந்திருந்தது. 1876-இல் வந்த இரண்டாம் பதிப்புக்கு மார்க்ஸ் உட்கார்ந்து திருத்தினார். ஆனாலும் தன் பெயரைப் போட வேண்டாம் என்றுவிட்டார். பெயர் போடுவதென்றால் இன்னும் நிறைய மாற்ற வேண்டியிருக்கும் என்பது அவர் கணக்கு. இத்தாலியில் கார்லோ காஃபியேரோ, இவரும் சிறையில் இருந்தபோதுதான், ஒரு சுருக்கம் எழுதி 1879-இல் வெளியிட்டார். அதை மார்க்ஸ் பாராட்டினார். பாராட்டிய அதே கடிதத்தில் முக்கியமான ஒரு வாதம் விடுபட்டிருப்பதையும் சுட்டிக்காட்டினார்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது சம்பவம். 1883-இல் கப்ரியேல் தெவீல் பிரெஞ்சில் ஒரு சுருக்கம் போட்டார். அதன்மீது மார்க்ஸின் நெருங்கிய தோழர் ஏங்கல்ஸ் வைத்த குறை: மார்க்ஸ் சில நிலைமைகளுக்கு உட்பட்டு, சில வரம்புகளோடு சொன்னதை இவர் எங்கும் எப்போதும் பொருந்துவதுபோல எழுதிவிட்டார். முதல் கேள்வியில் நிபந்தனை வெட்டுப்படும் என்று சொன்னேனே, அதேதான்.

ஏங்கல்ஸ் ஒன்றும் சுருக்கத்துக்கு எதிரி கிடையாது. அவருடைய 'டூரிங்குக்கு மறுப்பு' 1878-இல் வந்த கனமான நூல். மார்க்ஸின் மருமகன் லஃபார்க் கேட்டுக்கொண்டதால் அதிலிருந்து மூன்று அத்தியாயங்களை எடுத்து 1880-இல் தனிச் சிறுநூலாகப் போட்டார். 'கற்பனாவாத சோஷலிசமும் விஞ்ஞான சோஷலிசமும்' என்று நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது அதுதான். 'கம்யூனிஸ்ட் அறிக்கை'கூட இத்தனை மொழிகளுக்குப் போனதில்லை என்று பின்னாளில் ஏங்கல்ஸே எழுதினார். அத்தியாயத்தை முழுசாக எடு, உள்ளே கிள்ளாதே என்கிற என் கட்சிக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது.

"'மூலதனம்' வாங்கி மூணு வருசமாச்சு. முதல் அத்தியாயத்துலயே முட்டிக்கிட்டு நிக்கிது. சுருக்கத்துக்குப் போயிரவா?"

எல்லோருக்கும் அங்கேதான் நிற்கிறது. திலகர் திடல் ஞாயிறு சந்தையில் இந்த மாதிரிப் பழைய புத்தகம் கிடைத்தால் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். முதல் அரை அங்குலம் விரல் பட்டுப் பழுப்பேறி இருக்கும், அதற்கப்புறம் அச்சகத்திலிருந்து வந்த நாள் போல வெள்ளை. பென்சில் கோடும் அந்தப் பழுப்பு முடிகிற இடத்தோடு நின்றுவிடும்.

சுருக்கத்துக்குப் போக வேண்டாம், வேறு வாசல் வழியாக உள்ளே போங்கள். இது மார்க்ஸே சொன்ன யோசனை. நூல் வந்த அதே 1867-இல் நண்பர் கூகல்மனுக்கு எழுதிய கடிதத்தில், உங்கள் மனைவி முதலில் வேலைநாள், கூட்டுழைப்பு, வேலைப் பிரிவினை, இயந்திரங்கள், ஆதித் திரட்டல் (முதலாளிகள் கையில் முதன்முதலில் மூலதனம் எப்படிச் சேர்ந்தது என்பது) ஆகிய பகுதிகளைப் படிக்கட்டும் என்கிறார். முதல் அத்தியாயத்தில் முட்டுகிற சரக்கு, மதிப்பு எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வேலைநாள் அத்தியாயத்தை வட்டத்தில் வாய்விட்டு வாசித்தோம். லண்டன் ரொட்டித் தொழிலாளிகள் வருகிற இடம். ராத்திரி 11 மணிக்கு வேலை தொடங்கும், மாவு பிசைய அரை மணி முக்கால் மணி ஆகும், அப்புறம் அந்தப் பிசைகிற பலகை மேலேயே ஒரு சாக்கை விரித்து இன்னொரு சாக்கைத் தலைக்கு வைத்து இரண்டு மணி நேரம் தூங்குவார்கள், எழுந்ததும் விடியும்வரை ஓயாத வேலை. ரொட்டியில் படிகாரம் கலந்த கதையும் அங்கே வருகிறது. எங்களோடு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் புரோட்டா மாஸ்டர். அதுவரை வாயே திறக்காதவர், "பலகை மேல படுக்குறது அப்படியே நம்ம கதையால்ல இருக்கு" என்று நிமிர்ந்தார். அப்புறம் அன்றைக்குப் பேசியதெல்லாம் அவர்தான். மாவு ஊற வைக்கிற நேரம் சம்பளக் கணக்கில் வருமா வராதா என்று அவர் கேட்ட கேள்விக்கு எங்கள் எம்.ஏ.க்கள் யாரிடமும் பதில் இல்லை.

இதே அத்தியாயம் ஒரு சாரத்தில் எப்படி இருக்கிறது என்று அடுத்த வாரம் எடுத்துப் பார்த்தோம். 'அக்காலத்தில் வேலைநேரம் மிக நீண்டிருந்தது, தொழிலாளர் போராடிக் குறைத்தனர்.' அவ்வளவுதான். தப்பான வாக்கியம் ஒன்றுமில்லை.

"அப்ப எந்தப் பக்கத்தத் தாண்டலாம், எதத் தாண்டக் கூடாதுன்னு யாரு சொல்றது?"

சில சமயம் ஆசிரியரே சொல்லியிருப்பார். அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸின் 'நீதிக் கோட்பாடு' 1971-இல் வந்தது, கிட்டத்தட்ட 600 பக்கம். முன்னுரையிலேயே எந்தெந்தப் பிரிவுகளைப் படித்தால் சாரம் கிடைக்கும் என்று எண் போட்டுக் கொடுத்திருக்கிறார். கூட்டிப் பார்த்தால் நூலில் மூன்றில் ஒரு பங்கு. கையோடு ஓர் எச்சரிக்கையும் வைக்கிறார்: கடைசிப் பகுதியைப் பார்க்காவிட்டால் கோட்பாட்டைத் தவறாகப் புரிந்துகொள்ளும் ஆபத்து இருக்கிறது. ஆசிரியர் முன்னுரையைத் தாண்டாதீர்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

சொல்லாமல் போனவர்கள் விஷயத்தில் ஊர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறது. ஆங்கிலேயத் தத்துவவாதி லாக்கின் 'அரசாங்கம் பற்றிய இரு ஆய்வுரைக'ளில் இரண்டாவதை மட்டும்தான் படிக்கிறார்கள். முதலாவது, ஆதாம் வழியாக அரசர்களுக்கு அதிகாரம் வந்தது என்று எழுதிய ஃபில்மருக்கு வரிக்கு வரி மறுப்பு. தாண்டினால் பெரிய நஷ்டமில்லை. இன்னொரு ஆங்கிலேயத் தத்துவவாதியான ஹாப்ஸ் அப்படியில்லை. 'லெவியத்தான்' (1651) நாலு பாகம். முதல் இரண்டோடு எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள். மீதி இரண்டும், அதாவது ஏறக்குறைய பாதி நூல், மதமும் திருச்சபையும் அரசுக்கு எங்கே நிற்க வேண்டும் என்பது பற்றியது. கோயிலும் அரசும் தினம் உரசிக்கொள்கிற நாட்டில் இருந்துகொண்டு அந்தப் பாதியைத் தாண்டுவது எனக்கு விசித்திரமாகப் படுகிறது.

"ஆடம் ஸ்மித்னா தனியார் கட்சி, மார்க்ஸ்னா தொழிலாளி கட்சி. இதுக்கு எதுக்குண்ணே அம்புட்டுப் பக்கம்?"

'நாடுகளின் செல்வம்' (1776) ஐந்து புத்தகங்கள் கொண்டது. தொடக்கத்திலேயே குண்டூசித் தொழிற்சாலை வருகிறது: பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டால் ஒரே நாளில் 48,000 ஊசி. இது எல்லாச் சுருக்கத்திலும் இருக்கும். ஐந்தாம் புத்தகத்தில், நாள் முழுக்க ஒன்றிரண்டு எளிய வேலையையே செய்துகொண்டிருப்பவனுக்கு அறிவு மழுங்கிப்போகிறது, அரசாங்கம் தலையிட்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுக்க வேண்டும் என்று அதே ஸ்மித் எழுதுகிறார். கூலியைக் கூட்டாமல் இருக்க முதலாளிகள் சத்தமில்லாமல் கூட்டு வைத்துக்கொள்வதைப் பற்றி முதல் புத்தகத்திலேயே உண்டு. சந்தையைத் தன்போக்கில் விட்டால் போதும் என்பதற்கு எல்லோரும் மேற்கோள் காட்டுகிற அந்த 'கண்ணுக்குத் தெரியாத கை' நூல் முழுக்க ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது.

முதல் பக்கத்து ஊசியை வைத்துக்கொண்டு ஐந்தாம் புத்தகத்துத் தொழிலாளியை விட்டுவிட்டால், கேட்டவர் சொன்ன 'தனியார் கட்சி' ஸ்மித் கிடைப்பார்.

"வாட்ஸ்அப்ல அம்பேத்கர் சொன்னது, பெரியார் சொன்னதுன்னு வருதே. அதுவும் சுருக்கம்தானே, நம்பலாமா?"

சுருக்கத்தில் மிக ஆபத்தானது ஒற்றை வரி. வரியே பொய்யாக இருப்பது ஒரு வகை, அதைச் சுலபமாகப் பிடித்துவிடலாம். வரி உண்மையாக இருந்து, சொன்னது வேறு ஆளாக இருப்பதுதான் பிடிபடாது.

அம்பேத்கரின் பாகிஸ்தான் பற்றிய நூலை எடுத்துக்கொள்ளுங்கள். 1940-இல் வந்தது, பிறகு விரிவாக்கப்பட்டது. முதல் பாகத்தில் பாகிஸ்தான் வேண்டும் என்கிற முஸ்லிம் தரப்பின் வாதங்களை அடுக்குகிறார். இரண்டாம் பாகத்தில் கூடாது என்கிற இந்துத் தரப்பின் வாதங்கள். இரண்டையும் அந்தந்தத் தரப்பு வக்கீல் மாதிரி முழு பலத்தோடு எழுதியிருக்கிறார். அவரவருக்கு வேண்டிய வரியை வெட்டி எடுத்து 'அம்பேத்கரே சொன்னார்' என்று போட அதைவிட வசதியான நூல் கிடையாது. பிளேட்டோவிலும் இப்படி உண்டு. 'நீதி என்பது வலியவனின் நலன்' என்பது 'குடியரசு' நூலில் திராசிமாக்கஸ் என்ற பாத்திரம் சொல்வது. அதை மறுக்கத்தான் மிச்ச நூல் முழுவதும்.

பெரியார் விஷயத்தில் கேட்க வேண்டியது தேதி. அரை நூற்றாண்டு எழுதியும் பேசியும் வந்தவர், நிலைமைக்குத் தக்கபடி கருத்தை மாற்றிக்கொண்டதை மறைக்காதவர். வே. ஆனைமுத்து 1974-இல் தொகுத்த 'பெரியார் ஈ.வெ.ரா. சிந்தனைகள்' தலைப்புவாரியாகப் பிரித்தது என்றாலும், எந்த இதழ், என்ன தேதி என்று கூடவே கொடுக்கிறது. தேதி இல்லாமல் வருகிற பெரியார் வரியை நான் யாருக்கும் அனுப்புவதில்லை.

"குரூப் 1-க்குப் படிக்கிறேன் சார். எனக்கெல்லாம் மூல நூல் கட்டுபடியாகுமா?"

ஆகாது. நோட்ஸ் படியுங்கள், தப்பே இல்லை. பாடத்திட்டம் கேட்பது யார் என்ன சொன்னார் என்பது, அதற்குச் சுருக்கம் போதும் என்று முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன்.

யு.பி.எஸ்.சி.யில் அரசியல் அறிவியலை விருப்பப் பாடமாக எடுத்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் வேறு பேச்சு. பிளேட்டோவிலிருந்து ஹன்னா அரெண்ட் வரை பட்டியல் நீளம், எல்லாவற்றையும் முழுசாகப் படிக்க ஆயுள் போதாது. ஆனால் ஆளுக்கு ஒரு பகுதி மூலத்தில் படித்தவரின் விடைத்தாள் தனியாகத் தெரியும். ஒரே கைட் படித்த ஆயிரம் பேரும் ஒரே உதாரணத்தை எழுதும்போது இவர் மட்டும் வேறொன்றை எழுதுவார். 1949 நவம்பர் 25-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசிய உரையில் தொடங்குங்கள். ஒரே உட்காரலில் முடிந்துவிடும்.

"தமிழ்ல முழுசாக் கிடைக்குமா? இங்கிலீஷ்ல படிக்கத் தெம்பு இல்ல."

நினைப்பதைவிட நிறையக் கிடைக்கிறது. 'மூலதனம்' தியாகு மொழிபெயர்ப்பில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வெளியீடாக இருக்கிறது. அம்பேத்கர் தொகுப்பு நூல்களும் அவர்களிடம் உண்டு. வெ. சாமிநாத சர்மா பிளேட்டோவையும் ரூசோவையும் அந்தக் காலத்திலேயே தமிழுக்குக் கொண்டு வந்துவிட்டார். அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன. நடை கொஞ்சம் பழசு, பத்துப் பக்கத்தில் பழகிவிடும்.

மதுரையில் இருக்கிறவர்களுக்கு இடத்துக்குக் குறைவில்லை. காந்தி நூல்களுக்கு மேல வெளி வீதி சர்வோதய இலக்கியப் பண்ணை. வாங்க முடியாதவர்களுக்கு நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். ஏசியில் உட்கார்ந்து நாள் முழுக்கப் படிக்கலாம். காந்தி மியூசியத்திலும் நூலகம் இருக்கிறது, கூட்டம் இருக்காது. தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது தள்ளுபடி வரும். தடித்த நூல்களை அப்போது வாங்கினால் பர்ஸ் தாங்கும்.

"யூடியூப்ல அரை மணி நேரத்துல சொல்லிடுறாங்க. ஏஐகிட்ட கேட்டா அரை நிமிஷம். அப்புறம் என்ன?"

பார்க்கலாம், கேட்கலாம். சுருக்கத்தின் வகைகள் பற்றிய கேள்வியில் சாரத்தைப் பற்றிச் சொன்ன குறை இரண்டுக்கும் பொருந்தும். ஏஐயில் கூடுதலாக ஒன்று: நூலில் இல்லாததையும் இருப்பதுபோல அதே குரலில் சொல்லும். எந்த அத்தியாயத்தில் வருகிறது என்று கேளுங்கள், கேட்டுவிட்டு அந்த அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். திறந்துவிட்டீர்கள் என்றால் நாலு பக்கமாவது படித்துவிட்டுத்தான் மூடுவீர்கள், என் வேலை முடிந்தது.

"கடையில நின்னுக்கிட்டே, இது நல்ல சுருக்கமா மோசமான சுருக்கமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

முதலில் யார் சுருக்கினார் என்று பாருங்கள். பெயரே இல்லையென்றால் கீழே வைத்துவிடலாம். அடுத்து முன்னுரை. எதை விட்டேன், ஏன் விட்டேன் என்று ஒரு பத்தியாவது இருக்க வேண்டும். அப்புறம் உள்ளே புரட்டி, வெட்டிய இடங்களில் புள்ளி வைத்திருக்கிறார்களா, மூலத்தின் அத்தியாய எண்ணை அப்படியே விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். எண்ணை மாற்றி 1, 2, 3 என்று புதிதாகப் போட்டிருந்தால், நாளைக்கு நீங்கள் மூலத்தில் போய்த் தேடவே முடியாது.

கடைசியாக ஒரு குறுக்கு வழி. உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தை அந்தச் சுருக்கத்தில் தேடுங்கள். ஸ்மித் என்றால் ஐந்தாம் புத்தகத்துத் தொழிலாளி, மார்க்ஸ் என்றால் ரொட்டிக்காரர்கள். ஒரு வரியாவது இருந்தால் வாங்கலாம்.

"கிராம்ஷி முழு நூலே எழுதலையே. அவரு விஷயத்துல மூலம் எது, சுருக்கம் எது?"

வட்டத்தில் ஒரு முனைவர் பட்ட மாணவி கேட்டது. முசோலினியின் சிறையில் 1929 முதல் 1935 வரை இத்தாலியக் கம்யூனிஸ்ட் கிராம்ஷி எழுதியது நூல் இல்லை, நோட்டுப் புத்தகங்கள். உலகம் பெரும்பாலும் படித்தது பிறர் தேர்ந்தெடுத்து அடுக்கிய பகுதிகளை. 1971-இல் வந்த ஆங்கிலத் தொகுப்பும் அப்படித்தான். எழுதிய வரிசையிலேயே அமைந்த இத்தாலியப் பதிப்பு 1975-இல்தான் வந்தது. 'மூலதனம்' இரண்டாம் மூன்றாம் தொகுதிகளே மார்க்ஸ் இறந்த பிறகு அவருடைய கையெழுத்துப் பிரதிகளிலிருந்து ஏங்கல்ஸ் கட்டியவைதான். அர்த்தசாஸ்திரத்தின் கதையும் கிட்டத்தட்ட இதுதான்: 15 அதிகரணங்கள் (பெரும் பகுதிகள்), ரங்கராஜனின் 1992 ஆங்கிலப் பதிப்போ அவற்றைக் கலைத்துப் பொருள்வாரியாக மாற்றி அடுக்கியது. படிக்கச் சுகம், ஆனால் கௌடில்யர் எதை எதற்குப் பக்கத்தில் வைத்தார் என்பது போய்விடும்.

ஆகவே 'கலப்படமில்லாத மூலம்' என்று ஒன்று எல்லா இடத்திலும் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். என் கட்சி இதனால் பலவீனமாகிறது என்பது அந்த மாணவியின் வாதம். கொஞ்சம் ஆகிறதுதான். கிராம்ஷி விஷயத்தில் தொகுத்தவர் பெயரையும் சேர்த்துச் சொல்வது என்று இப்போதைக்கு முடிவு செய்திருக்கிறோம்.

"நீங்க பேசுறது படிச்சவங்க பேச்சு. சுருக்கலேன்னா சாதாரண சனத்துக்கு இது எப்படிப் போய்ச் சேரும்?"

சங்கத்துக்காரர் ஒருவர் கோபமாகவே கேட்டார், கோபம் நியாயமானது. சேர்ப்பதற்கு வெட்டுவதைத் தவிர இன்னொரு வழி இருக்கிறது: தவணை. 'மூலதனம்' பிரெஞ்சில் 1872-இலிருந்து பகுதி பகுதியாகத்தான் வந்தது. தொழிலாளிகள் கைக்கு எட்டும் என்பதால் மார்க்ஸ் அதை வரவேற்றார். நம்மூரில் 1931-இல் 'குடி அரசு' இதழில் பெரியார் 'கம்யூனிஸ்ட் அறிக்கை'யைத் தமிழில் தொடராகவே போட்டார்.

வெட்டிச் சேர்த்ததற்கும் உதாரணம் உண்டு. அரசுத் திட்டமிடலை எதிர்த்த பொருளாதார அறிஞர் ஹயக்கின் 'அடிமைத்தனத்துக்கான பாதை' 1944-இல் வந்தது. 1945 ஏப்ரலில் ரீடர்ஸ் டைஜஸ்ட் அதைச் சுருக்கிப் போட, அந்தச் சுருக்கத்தின் தனிப் பிரதிகள் மட்டும் 6 லட்சத்துக்கு மேல் போயின. அப்புறம் படக்கதையாகவும் வந்தது. உணவு, உடை, இருப்பிடம் ஆகியவற்றில் ஒரு குறைந்தபட்சத்தை எல்லோருக்கும் அரசு உறுதி செய்யலாம் என்று மூல நூலில் ஹயக் எழுதியிருக்கிறார். படக்கதையில் அது கிடையாது. அதில் திட்டமிடல் என்று தொடங்குகிற கதை கடைசிப் படத்தில் துப்பாக்கி முனையில் முடிகிறது. சனத்துக்குப் போய்ச் சேர்ந்தது உண்மை. என்ன போய்ச் சேர்ந்தது என்பதை ஹயக்கின் எதிரிகள் மட்டுமில்லை, ஆதரவாளர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"சின்னப் புத்தகத்தக்கூட சுருக்குறாங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

சோம்பேறித்தனம். மாக்கியவெல்லியின் 'இளவரசன்' 26 குட்டி அத்தியாயம், மில்லின் 'சுதந்திரம் குறித்து' ஐந்தே அத்தியாயம். இதற்குச் சுருக்கம் தேடுகிற நேரத்தில் பாதி படித்துவிடலாம்.

'சாதி ஒழிப்பு' பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 1936-இல் லாகூரில் ஜாத்-பாத் தோடக் மண்டல் என்ற சாதி ஒழிப்புச் சங்கத்தின் மாநாட்டுக்காக அம்பேத்கர் எழுதிய தலைமையுரை அது. அச்சான பிரதியைப் பார்த்ததும் அழைத்தவர்கள் சில பகுதிகளை எடுத்துவிடச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்று எழுதினார். மாநாடே நின்றுபோனது. அவரே சொந்தச் செலவில் வெளியிட்டார், 1,500 பிரதிகள் இரண்டே மாதத்தில் தீர்ந்தன, உடனே தமிழிலும் வந்தது. வேதங்களையும் சாஸ்திரங்களையும் பற்றிய இடம்தான் அவர்கள் கண்ணை உறுத்தியது. யாராவது இதைச் சுருக்கித் தந்தால் அந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

"எழுதுனவரே சின்னதாத் திருப்பி எழுதுனா?"

கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் பிக்கெட்டி ஆயிரம் பக்கக் கணக்கில் எழுதிவிட்டு, கொஞ்சம் சின்னதாக எழுதக் கூடாதா என்று கேட்டவர்களுக்காகச் 'சமத்துவத்தின் சுருக்கமான வரலாறு' எழுதினார். ரால்ஸும் கடைசிக் காலத்தில் தன் கோட்பாட்டைச் சிறு நூலாகத் திருப்பிச் சொன்னார், 2001-இல் வந்தது. ரால்ஸ் அதில் பழையதைச் சில இடங்களில் திருத்தியும் இருக்கிறார், ஆகவே இரண்டையும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள்.

மற்றவர் நூலைச் சுருக்கப் போய்ச் சொந்த நூலாக்கியவரும் உண்டு. ஆங்கிலேய எழுத்தாளர் ரஸ்கினின் 'அன்டு திஸ் லாஸ்ட்' நூலைக் காந்தி 1908-இல் 'சர்வோதயா' என்று குஜராத்தியில் சாரமாக எழுதினார். அதை ரஸ்கினைத் தெரிந்துகொள்ளப் படிக்காதீர்கள், காந்தியைத் தெரிந்துகொள்ளப் படியுங்கள்.

"சுருக்கத்த மட்டும் படிச்சிட்டு, அந்தப் புத்தகம் படிச்சேன்னு சொல்லலாமா?"

'சுருக்கம் படித்தேன்' என்று சொல்லுங்கள். யாரும் உங்களைக் கேவலமாகப் பார்க்க மாட்டார்கள். எதிரே இருப்பவரும் பெரும்பாலும் அதைத்தான் படித்திருப்பார்.

"வட்டத்துக்கு வரணும்னா முழுப் புத்தகமும் படிச்சிருக்கணுமா சார்?"

வேண்டாம். அந்த வாரத்து அத்தியாயம் போதும், அதையும் அங்கேயே சேர்ந்து வாசிப்போம். புத்தகம் இல்லாதவர்களுக்கு ஜெராக்ஸ் இருக்கும். இப்போது ஓடுவது காந்தியின் 'இந்திய சுயராஜ்யம்'. 1909-இல் கப்பலில் எழுதியது, 20 அத்தியாயம், வாசகர் கேட்க ஆசிரியர் பதில் சொல்கிற வடிவம். வாசகர் பேசுகிற வரிகளைக் காந்தி சொன்னதாக எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள், வாட்ஸ்அப் கேள்வியில் சொன்ன அதே பள்ளம் இங்கேயும் இருக்கிறது. வருகிற ஞாயிறு ரயில்வே பற்றிய அத்தியாயம். தினமும் ரயிலில் திண்டுக்கல் போய் வேலை பார்த்துத் திரும்புகிற ஒருவர் காந்தியோடு சண்டைக்கு இப்போதே தயாராக இருக்கிறார், கொஞ்சம் முன்னாடியே வந்தால் இடம் கிடைக்கும்.